ஏழாம் வாசலில் பதினோரு வினாடி

“ஏழாம் வாசல இன்னைக்கு நடந்தே தாண்டிட்டனுங்க. குனியல, ஒளியல, ஓடல. நட்டநடுவுல நின்னு செருப்பு வாரைக்கூடச் சரி பண்ணிக்கிட்டேன். அந்தக் காவக்காரன் என்னையவே பாத்துட்டு நின்னான். மணி அடிக்கல.”

உழவர் சந்தைப் பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்துச் சமையல் மேடையில் அடுக்கிக்கொண்டே ஓவியா இதைச் சொன்னாள். கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைத்தது என்று சொல்கிற அதே குரல். வயது அறுபது. முழங்கால் இரண்டிலும் வலி. நிழலடி என்ற விளையாட்டை அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஆடியதே அன்று காலையில்தான்.

அவள் கணவர் மௌலீஸ்வரன் செய்தித்திரையை மடக்கி வைத்தார். நிலாவுக்கு மிதிவண்டியில் போய்வந்தேன் என்று அவள் சொல்லியிருந்தால், வழியில் காற்று எப்படி என்றாவது கேட்டிருப்பார். இதற்குக் கேட்க அவரிடம் கேள்வியே இல்லை. காரணம், அந்த ஏழாம் வாசல் காவலாளியே அவர்தான்.

நிழலடியை அப்போது உலகத்தில் நான்கு கோடிப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் இடம் கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள். தலையில் காட்சிக்கவசத்தை மாட்டிக்கொண்டு உருள்தளத்தின்மேல் ஏறி நின்றால் போதும். தளம் காலடியில் உருண்டு கொடுக்கும். நீங்கள் நின்ற இடத்திலேயே பத்து மைல் நடக்கலாம். கண்ணுக்கு முன்னால் ஒரு பழைய கோட்டை. ஏழு வாசல், வாசலுக்கொரு காவலாளி. அவன் கண்ணில் படாமல் தாண்ட வேண்டும். பட்டால் மணி அடிக்கும், கோட்டைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். இவ்வளவுதான் ஆட்டம். இதற்காகப் படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், ஊரில் நான்கு பேர் கும்பிடுகிறவர்கள் எல்லாம் வைக்கோல் கூடைக்குள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஆறு காவலாளிகளும் நிரல் எழுதிச் செய்த பொம்மைகள். கல்லை எறிந்தால் சத்தம் வந்த பக்கம் திரும்புவார்கள். பூனை குறுக்கே போனால் பார்ப்பார்கள். ஏழாமவன் அப்படியல்ல. அவனிடம் இருந்தது ஒரு மனிதரின் பார்வைப்படி, அதாவது அவர் பார்க்கிற விதத்தின் நகல்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் மௌலீஸ்வரன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் இருந்தார். தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. பத்தடி தூரத்தில் கொடியில் தொங்குகிற பனியனில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அவருக்குத் தெரியும். மேற்கூரையில் நடக்கிற பல்லிக்கு ஒரு நகம் குறைவு என்று அவர் சொல்லி, பிடித்துப் பார்த்தால் குறைவாகவே இருந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. செக்கிங் இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்காக, கம்பெனி அவருக்கு நாற்பது நாள் படிக்கண்ணாடி மாட்டிவிட்டது. அவர் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எதைக் கண்டால் கை ஸ்டிக்கரை எடுக்கிறது, எதைக் கண்டால் எடுப்பதில்லை, எல்லாம் அதில் பதிந்தது. எதிரில் வந்துபோனவர்களின் முகங்களை மட்டும் சட்டப்படி அழித்தார்கள்.

பிறகு கம்பெனி மூடிப்போனது. பார்வைப்படி ஏதோ கிடங்கில் கிடந்தது. நிழலடி செய்தவர்கள் காவலாளிகளுக்காக உலகமெங்கும் பழைய பார்வைப்படிகளைத் தேடினார்கள். ராணுவ வீரரின் படி பறவை பறந்தால் வானத்தைப் பார்த்தது. கிரிக்கெட் நடுவரின் படி சாப்பாட்டு நேரத்தில் சோர்ந்தது. சுங்க அதிகாரியின் படி சில பெட்டிகளைப் பார்க்கவே மறுத்தது. கடைசியில் திருப்பூர்ச் செக்கிங் மேசையின் படியை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு கொசுவால்கூடத் தாண்ட முடியவில்லை. பழுதைக் கண்டால் கை ஸ்டிக்கருக்குப் போவதை, அந்நியனைக் கண்டால் மணிக்குப் போவதாக மாற்றினார்கள். முடிந்தது வேலை.

ஏழாம் வாசலில் உலக சாதனை மூன்று வினாடி. சிலி நாட்டில் ஒருவன் அந்த மூன்று வினாடி தாங்கியதற்கு அவன் ஊரில் பட்டாசு வெடித்து ஊர்வலம் விட்டார்களாம். அந்த நாட்டிலிருந்து மௌலீஸ்வரனுக்குத் திட்டிக் கடிதங்கள் வந்தன. அவர் அவற்றைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தார். ஊத்துக்குளி சாலையில் நிழலடி ஆடுவதற்கென்று இருந்த நிழற்கூடத்தின் வாசலில், ‘தப்பாத கண் – எங்கள் ஊர் மௌலீஸ்வரன்’ என்று பலகையே இருந்தது. காலைநடைக்குப் போனால் அந்தப் பலகையின் கீழ் இரண்டு நிமிடம் நின்று சும்மா மூச்சு வாங்கிக்கொள்வார். மூச்சு வாங்காத நாளிலும் வாங்குவார்.

வேலை போன பிறகும் கண் ஓய்வு பெறவில்லை. செக்கிங் வீட்டுக்கு வந்தது. ஓவியாவின் தோசை ஒரு பக்கம் நான்கு மில்லிமீட்டர் தடிப்பு. அவள் மடித்த வேட்டியின் கரை கரையோடு சேரவில்லை. கோலத்தில் மேற்கு மூலைப் புள்ளி சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் அவள் இதைக் கேட்டுக் கேட்டு, கேட்காமலும் பழகிவிட்டாள்.

அன்று அவள் நிழற்கூடத்துக்குள் போனதே வெயிலுக்கு ஒதுங்கத்தான். அங்கே குளுகுளுவென்று இருக்கும். கூடத்தை நடத்துகிற நஸ்ரீன், பழைய தோழி. வந்ததுதான் வந்தீர்கள், ஏழாம் வாசலில் உங்கள் வீட்டுக்காரர் பார்வையை நேரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்று கவசத்தை மாட்டிவிட்டாள். மற்ற ஆறு வாசலையும் தாண்டிவிட்டுப் போக இந்த அக்காவால் முடியாது என்று நேராக ஏழாவதிலேயே இறக்கிவிட்டாள். எப்படியும் ஒரு வினாடியில் மணி அடிக்கத்தானே போகிறது.

ஓவியாவுக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவு பெரிய முற்றத்தை யார் பெருக்குவது என்றுதான். இரண்டாவது, ஏன் எல்லாரும் உட்கார்ந்தே நகர்கிறார்கள் என்பது. ஒரு தூணுக்குப் பின்னால் மூன்று பேர், ஒரு கூடைக்குள் ஒருவர், ஒரு குதிரைத் தொட்டிக்குள் தண்ணீரோடு ஒருவர். அவர்கள் அவளைப் பார்த்து, குனியுங்கள் குனியுங்கள் என்று கையைக் காட்டினார்கள். அவளால் குனிய முடியாது. குனிந்தால் எழ இரண்டு பேர் வேண்டும். அதனால் நடந்தாள்.

இதையெல்லாம் அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்ல, மௌலீஸ்வரன் கேட்டு முடித்தார். அப்புறம், இயந்திரம் பழுது என்றார். நாளைக்கு நஸ்ரீனிடம் சொல்லி ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

மறுநாளும் அவள் தாண்டினாள். அதற்கு மறுநாளும். நஸ்ரீன் தளத்தை மாற்றினாள், கவசத்தை மாற்றினாள், பக்கத்து ஊர்க் கூடத்துக்கே கூட்டிப்போய் அங்கே இறக்கிப் பார்த்தாள். ஓவியா கையை வீசிக்கொண்டு போய்வந்தாள். சனிக்கிழமை கூடத்தின் வாசலில் ஜப்பானிலிருந்து வந்த மூன்று பேர் அவள் செருப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பு என்ன அளவு என்று ஒரு கட்டுரை வந்தது. முழங்கால் வலி ஒரு திறமை என்று இன்னொரு கட்டுரை வந்தது. உலகமே நம்பிவிட்டது. நம்பாமல் மீதி இருந்தது ஒரே ஒருவர்.

பொறாமையில் பல ரகம் உண்டு. மௌலீஸ்வரனுக்கு அந்த மாதத்தில் ஒவ்வொரு ரகமாக வந்தது. முதலில் பலகைப் பொறாமை. ‘தப்பாத கண்’ பலகைக்கு மேலே, அதைவிட ஓரடி நீளமாக, ‘ஓவியா – நடந்தே கடந்தவர்’ என்று புதிய பலகை வந்தது. எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவர் நஸ்ரீனிடம் புகார் சொன்னார். அது சாய்ந்த எழுத்து வகைங்ணா என்றாள் அவள். அடுத்தது கும்பிடு பொறாமை. கடைவீதியில் எதிரில் வருகிறவர்கள் அவரைப் பார்த்துக் கையெடுத்துவிட்டு, அக்கா வரலீங்களா என்று பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய ரகம். தாங்கமுடியாத ரகம் மூன்றாவது வாரம் வந்தது.

ஓவியா காலையில் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்திருந்தாள். நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, முல்லைப்பூ வைத்துக்கொண்டாள். ஏதோ முணுமுணுத்தாள், உற்றுக் கேட்டால் அது பாட்டு. விளையாட்டுக்குப் போக எதற்குப் பூ என்று கேட்டார். உள்ளே பூ தெரியாது, நடைதான் தெரியும் என்று அவளே ஒருநாள் சொன்னதை எடுத்துப் போட்டு மடக்கினார்.

“பூ வச்சா நடை மாறுமுங்க” என்றாள் ஓவியா.

அவர் சற்று நேரம் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு, யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல, அந்தக் காவலாளி ஆள் எப்படி என்று கேட்டார்.

“நல்ல ஒசரம். மீசை இருக்குது.”

“எனக்கு மீசையே கெடையாது.”

“அவருக்கு இருக்குதுங்க.”

“எப்படிப் பாக்கறான்?”

ஓவியா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரம்தான் அவரைக் கொன்றது. “முழுசாப் பாக்கறாரு” என்றாள். “கால்ல ஆரம்பிச்சு மேல வரைக்கும். நிதானமா. கடைசில ஒண்ணும் சொல்லாம விட்டுர்றாரு.”

அவர் சாப்பிடாமல் எழுந்தார். காவக்காரன் எப்போது ‘அவர்’ ஆனார் என்பதுதான் அன்று முழுவதும் அவர் மண்டையில் ஓடியது. சொந்தக் கண்ணின் பேரிலேயே ஒரு மனிதனுக்குப் பொறாமை வரும் என்று அதுவரை எந்த வைத்தியரும் எழுதிவைக்கவில்லை.

இந்த நிலையில் நிழலடிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி ஒருவர் வருகிறார். பார்வை யாருடையதோ அவர் முன்னால்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவார்: ஏழாம் வாசலில் நடந்ததாகச் சொல்லப்படுவது உண்மையா, பழுதா? பழுது என்று மௌலீஸ்வரன் எழுதிக் கொடுத்தால், காவலைச் சரிசெய்து அவர் பெயரிலேயே திரும்ப நிறுத்துவார்கள். ‘தப்பாத கண்’ பட்டம் அவருக்கே. ஓவியா கடந்தது கணக்கில் வராது. பலகை இறங்கும். பழுது என்று தெரிந்தே தினமும் போய்வந்தவள் என்ற பெயர்தான் அவளுக்கு மிஞ்சும். உண்மை என்று எழுதிக் கொடுத்தால், ஏழாம் வாசல் கடக்கப்பட்ட வாசல். பட்டம் போகும்.

எதை எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஓவியாவும் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரிக்கு மதியம் சாப்பாடு இங்கேயா என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் செக்கிங் மேசைக்கு ஒரு தர்மம் இருந்தது. பீஸைக் கண்ணால் பார்க்காமல் பழுது என்று சொல்லக்கூடாது. அடுத்தவன் சொன்னான் என்று ஒருநாளும் அவர் ஸ்டிக்கர் ஒட்டியதில்லை. அதனால் வியாழக்கிழமை காலை, ஓவியா சந்தைக்குப் போனதும், பின்வழியாக நிழற்கூடத்துக்குப் போய், ஓவியா ஆடவருகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் தன்னையும் அதே முற்றத்தில் இறக்கிவிடச் சொன்னார். நஸ்ரீன் சிரிக்காமல் கவசத்தை மாட்டிவிட்டது பெரிய விஷயம்.

மௌலீஸ்வரன் நிழலடியை அதற்கு முன் ஆடியதே இல்லை. தெய்வம் எங்காவது உற்சவத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போகுமா? உள்ளே இறங்கியதும் அவர் கண் தன் வேலையைத் தொடங்கியது. நான்காவது தூணும் ஏழாவது தூணும் ஒரே படத்தை இரண்டுமுறை ஒட்டியது. தரைக்கல் இணைகிற இடத்தில் ஒரு கோடு விலகியிருக்கிறது. மதில்மேல் பறக்கிற காக்கை ஒரே வட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறது. வாசலில் அவன் நின்றான். உயரமாக, மீசையோடு. அழகன் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சோதித்துப் பார்க்க, சுண்டுவிரலை மட்டும் வெளியே நீட்டினார். மணி அடித்தது. வெளியே போய் விழுந்தார். மறுபடி வந்தார். இந்தமுறை வேட்டி நுனி. மணி. மறுபடி. இந்தமுறை அவர் ஒன்றும் செய்யவில்லை. தும்மல் வருமா என்று யோசித்தார், அவ்வளவுதான். மணி. உடம்பெல்லாம் வலித்தாலும் உள்ளுக்குள் பெருமை பொங்கியது. முதுகுத்தண்டில் குளிர்ந்த ஊசியை வைத்து மேலிருந்து கீழே கோடு இழுப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. எத்தனை வருடம் பிறர்மேல் வைத்த ஊசி அது. இவனைத் தாண்டி எவளும் போகமுடியாது, ஓவியா கதைவிடுகிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. நான்காம் முறை கூடைக்குள் ஏறி உட்கார்ந்தார். வைக்கோல் மூக்கில் குத்தியது. இல்லாத வைக்கோல்தான், இருந்தாலும் குத்தியது.

அப்போது ஓவியா வந்தாள்.

முகம் விளையாட்டு கொடுத்த ஏதோ முகம். உடை கோட்டைக்காரர்களின் உடை. ஆனால் உருள்தளம் நடையை அப்படியே உள்ளே கொண்டுவந்திருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கி, வலது கை சற்றே தூரமாக வீசி, மூன்றாவது அடியில் ஒரு சின்ன நிதானம் வைத்துப் போகிற நடை. தலையில் ஏதோ சுமந்து பழகியவர்களின் நடை.

காவலாளி திரும்பினான். கூடையின் சந்து வழியாக மௌலீஸ்வரன் எண்ணத் தொடங்கினார். ஒன்று. பார்வை அவள் பாதத்தில் விழுந்தது. இரண்டு, மூன்று. கீழ்த் தையலிலிருந்து மேலே, இடமிருந்து வலம், வரிவரியாக. அது அவருடைய முறை. ஊரில் வேறு எவனும் கீழிருந்து பார்க்கமாட்டான். எல்லாரும் கழுத்துப்பட்டியில்தான் ஆரம்பிப்பார்கள். ஆறு, ஏழு. அவள் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாள். பார்வையும் அவளோடு நின்றது. அவசரமில்லை. எட்டு. காவலாளியின் வலது கை, பழக்கத்தில், மணிக்கயிற்றின் பக்கம் ஓர் அங்குலம் போய், தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காதவன் கையைப்போலத் தானே கீழே இறங்கியது. ஒன்பது. பத்து. பதினொன்று.

மணி அடிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை மௌலீஸ்வரன் யோசித்துச் செய்யவில்லை. கூடையிலிருந்து எழுந்தார். உலகத்தின் மிகக் கடுமையான காவலாளிக்கு எதிரில், பட்டப்பகலில், முற்றத்தின் நடுவில், வைக்கோலோடு நின்றார்.

“டேய், எங்கடா பாக்கறே? அது என்ற பொண்டாட்டிடா” என்றார்.

காவலாளி திரும்பவில்லை. அவர் கையை ஆட்டினார். குதித்தார். சுண்டுவிரலுக்கு அடித்த மணி, முழு மனிதனுக்கு அடிக்கவில்லை. அவனுடைய கண் முழுவதும் போய்க்கொண்டிருந்த ஓவியாவின் முதுகில் இருந்தது. கோபத்தில் அவனை நோக்கி ஓடினார். ஓடிய வேகத்தில் அவன் தோளை உரசிக்கொண்டு, ஓவியாவுக்குப் பின்னால் வாசலைத் தாண்டி அந்தப்பக்கம் போய் நின்றார். வாழ்த்துகள், ஏழாம் வாசலைக் கடந்த இரண்டாவது மனிதர் நீங்கள் என்றது ஒரு குரல்.

கவசத்தைக் கழற்றியபோது, பக்கத்துத் தளத்திலிருந்து ஓவியா நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் மூச்சு வாங்கினது யாருன்னு உள்ள போனதுமே தெரிஞ்சுதுங்க என்று சொல்லிவிட்டு, சந்தைப் பையை எடுத்துக்கொண்டாள்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாலம் தாண்டுகிற இடத்தில்தான் அவருக்கு அந்த நடை எங்கே பார்த்தது என்று பிடிபட்டது. பதினொரு மணி டீ முடிந்ததும், ஓவர்லாக் தையல் பகுதியிலிருந்து தைத்த பனியன் பண்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு செக்கிங் மேசை வழியாக ஒரு பெண் போவாள். படிக்கண்ணாடி மாட்டியிருந்த அந்த நாற்பது நாளும் போனாள். முகத்தை அழித்தவர்களுக்கு நடையையும் அழிக்கத் தோன்றவில்லை. பெரியவர்களாகப் பார்த்து முடித்த கல்யாணம் என்றுதான் அவர் இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிவந்தார். தானே மறந்துபோகும் அளவுக்குச் சொல்லிவந்தார்.

“உனக்கு மொதல்லயே தெரியுமா?” என்று கேட்டார்.

“அந்தப் பார்வை வேற யாருகிட்ட இருந்துச்சு?” என்றாள் ஓவியா. “தினமும் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு போனேன். ஊட்ல கெடைக்கலையே.”

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். பெயர் மகிழன். நல்ல பையனாகத்தான் இருந்தார். பேசும்போது எல்லா வாக்கியத்திலும் ஒரு சார் போட்டார். நிழற்கூடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பலகைகளுக்கும் கீழே மேசை போட்டார்கள்.

மகிழன் பதிவுகளைக் காட்டினார். திருமதி ஓவியா கடக்கும்போது காவலாளிக்குப் பார்வை வேறெங்கும் போவதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நேற்று ஒருவர் அந்த நேரம் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடித் தாண்டியிருக்கிறார் என்றார். அது யாரென்று பெயரைப் படித்துவிட்டு, மன்னியுங்கள் சார் என்றார். ஆக, பார்வைப்படியில் பதினோரு வினாடி அகலத்துக்கு ஓட்டை இருக்கிறது. கவலை வேண்டாம், தீர்வும் கையோடு வந்திருக்கிறது. இப்போதெல்லாம் நாற்பது நாள் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். சாரின் இன்றைய பார்வையைப் படியெடுத்து ஒட்டினால் ஓட்டை அடைபட்டுவிடும்.

புதிய படிக்கண்ணாடி இறகுபோல இருந்தது; கண் பழுதைக் கண்டால் அதிலேயே மணி அடிக்கும். மௌலீஸ்வரன் மாட்டிக்கொண்டார். ஓவியாவை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார்கள். அவள் நடந்தாள். பூ வைத்திருந்தாள்.

அவர் வேண்டாம் என்றுதான் நினைத்தார். காலிலிருந்து ஆரம்பித்து நிதானமாக, அவனைப்போலவே பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்தார். ஆனால் கண் சொன்னபடி கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் பழகிய தடத்தில் அது பாட்டுக்கு ஓடியது. வலது செருப்பின் பின்பக்கம் தேய்வு. புடவை மடிப்பு ஒன்று மேலே. பூச்சரம் இடப்பக்கம் நீளம். அவள் பாதி தூரம் போவதற்குள் கண்ணாடி ஒன்பது முறை மணி அடித்தது. அடுத்த சுவருக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினான்கு. ஒவ்வொரு மணிக்கும் அவள் தோள் கொஞ்சம் சுருங்கியதை அவர் பார்த்தார். அதற்கும் ஒரு மணி அடித்தது.

மகிழன் பூரித்துப்போனார். இந்தக் காவலை இனி உலகத்தில் யாராலும் தாண்ட முடியாது சார், திருமதியாலும் முடியாது என்றார். ஓவியா நாற்காலியில் உட்கார்ந்து பூச்சரத்தைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தாள். மகிழன் படிவத்தை நீட்டினார். பழுது என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பட்டம் சாகும்வரை சாருக்கே.

மௌலீஸ்வரன் பேனாவை வாங்கினார். பலகையை அண்ணாந்து பார்த்தார். வயிற்றெரிச்சல் இன்னும் அப்படியேதான் இருந்தது. கோட்டை வாசலில் நிற்கிற அந்த இருபத்தெட்டு வயதுக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தைப் பிடித்திருப்பார்.

“சார்” என்று அவரும் மகிழனை அழைத்தார். “ஒரு கணக்குச் சொல்றேன், எழுதிக்குங்க. அந்த நாப்பது நாளும், பதினோரு மணிக்கு மேல, பதினோரு வினாடி நான் பனியனப் பாக்கல. தையல் விட்டது, இழை அறுந்தது, எல்லாம் அந்நேரத்துல மேசையத் தாண்டிப் போயிருச்சு. எத்தன ஜெர்மன்காரன் ஓட்டப் பனியன் போட்டுட்டுத் திரிஞ்சானோ தெரியாது. தப்பாத கண்ணுன்னு எழுதி வச்சிருக்கறது பொய்யிங்க.”

அப்படியானால் பழுது என்றுதானே சார் ஆகிறது என்றார் மகிழன்.

“பனியன விட்டது பழுதுதானுங்க. அவளப் பாத்தது பழுதில்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “பழுது இப்ப எடுத்தீங்களே, அதுல இருக்குது. அத அழிச்சிருங்க. பழையவனே நிக்கட்டும். மீசைய மட்டும் எடுத்துருங்க, எனக்குப் பாக்கச் சகிக்கல.”

ஓவியாவின் கை பூச்சரத்தில் அப்படியே நின்றது. மகிழன், விதிப்படி ஒற்றை வரியில் பதில் வேண்டும் சார், உலகம் முழுவதும் படிக்கப்போகிற வரி, நடந்ததா இல்லையா என்று கேட்டார்.

மௌலீஸ்வரன் படிவத்தில் குனிந்து, பழுது என்ற கட்டத்தைக் குறுக்கே அடித்தார். பிறகு எழுதிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

“நடந்ததுங்க. அவ நடந்து போனா, நான் முழுசாப் பாத்தேன், மணி அடிக்கத் தோணல.”